பதினோராவது படகின் எடை

2009 ஜனவரி 16, வெள்ளிக்கிழமை, காணும் பொங்கல். உப்பனாற்றில் நடந்த பாய்ப் படகு ஓட்டத்தில் பதினோராம் எண் படகு முதலில் வந்தது. அதற்கு முந்தின ஆண்டும் அதுதான் முதலில் வந்தது. அப்போது கரையில் விசிலும் கைதட்டலும் இருந்தன. இந்த முறை யாரும் தட்டவில்லை. படகிலிருந்து இறங்கியவர் கைலியைப் பிழிந்துகொண்டே கூட்டத்தைப் பார்த்தார். கூட்டம் என்னைப் பார்த்தது. நோட்டு என் கையில் இருந்தது.

“எளுதிக்கிங்க சார்,” என்றார் இரண்டாவதாக வந்த பச்சைப் படகுக்காரர். “கடலுக்கே போவாதவன் போட்டு ரெண்டு வருசமா மொதல்ல வருது. டெய்லி கடலுக்குப் போற பத்து போட்டும் அது பின்னாடி வருது. அதையும் சேத்து எளுதிக்கிங்க.”

எழுதவில்லை. ஆனால் அந்தக் கேள்வி எனக்குள் ஏற்கெனவே இருந்தது. ஓட்டம் பாதி முடியும் முன்பே பதினோராம் படகு மற்றவற்றைவிட ஒரு விரலளவு மேலே மிதப்பதைக் கவனித்திருந்தேன். அதை யாரிடமும் சொல்லவில்லை.

நான் அந்த ஊர்க்காரன் அல்ல. வீடு சிதம்பரத்தில், மேல வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில். வேலை கடலூரில், நில அளவை அலுவலகத்தில் வரைவாளர். 2004 டிசம்பரில் கடல் உள்ளே வந்தபோது அந்த மீனவர் தெருவில் படகு ஒன்றும் மிஞ்சவில்லை. அடுத்த ஆண்டு புது வீடுகளுக்கு மனை பிரிக்க நாங்கள் போனோம். பக்கத்து வீட்டுக்காரன் மனை தன்னுடையதைவிட ஓரடி ஜாஸ்தி என்று ஒவ்வொருவரும் சொன்னார்கள். ஒவ்வொருவர் முன்னாலும் திரும்ப அளந்து காட்டினேன். அதிலிருந்து அங்கே எனக்கு ‘அளவு சார்’ என்று பெயர்.

அதே ஆண்டு ஒரு தொண்டு நிறுவனம் பதினொரு சின்ன பைபர் படகுகளைக் கொடுத்தது. எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை. வாலில் கட்டும் எஞ்சின் தனி. ஒரு கம்பும் துணியும் கட்டினால் பாயிலும் ஓடும். காணும் பொங்கலுக்கு ஓட்டம் வைக்கலாம் என்று பேச்சு வந்தபோது எஞ்சினோடு ஓடினால் பெரிய எஞ்சின்தான் ஜெயிக்கும், பாயில் ஓடலாம் என்றார் ஊர்த்தலைவர். நான் அப்போது சிதம்பரத்துப் பழைய பேப்பர் கடையில் எடைக்கு வாங்கிய வெளிநாட்டுப் படகுப் பத்திரிகைகளைப் படித்துக்கொண்டிருந்தேன். அச்சு அசலாக ஒரே மாதிரி படகுகளை வைத்துக்கொண்டு ஓடுகிறவர்கள் உலகம் முழுதும் இருக்கிறார்கள். படகு ஒன்றுபோல் இருந்தால் ஜெயிப்பது ஆளின் கை மட்டுமே என்பது அவர்கள் நம்பிக்கை. அந்தப் பத்திரிகைகளில் பாதிப் பக்கம் சட்டத்தை மாற்றலாமா கூடாதா என்ற சண்டைதான். புதுத் துணி வந்துவிட்டது, அனுமதிக்கலாமா? பழைய படகு கனத்துவிட்டது, விதியைத் தளர்த்தலாமா? படிக்கும்போது சிரிப்பாக இருக்கும். ஒரே படகை வைத்துக்கொண்டு இத்தனை சந்தேகமா என்று நினைத்திருக்கிறேன்.

அதைப் பார்த்துத்தான் எங்கள் சட்டத்தை எழுதினேன். அந்த அச்சில் வார்த்த பதினொரு படகுகள் மட்டுமே ஓடலாம். பாய்த்துணி ஒரே கட்டிலிருந்து, ஒரே தையற்காரர் வெட்டியதாக இருக்க வேண்டும். படகுக்கு நான்கு பேர். படகின் உடம்பில் எதையும் கூட்டவோ குறைக்கவோ கூடாது. கடைசி வரிக்கு ஒரு ஆதாரம் வேண்டுமே என்று 2006 தையில், முதல் ஓட்டத்துக்கு முன், பதினொன்றையும் எடை போட முடிவு செய்தோம். நெல்லிக்குப்பம் போகும் வழியில் கரும்பு வண்டிகள் நிற்கும் ஒரு தனியார் எடை மேடை இருந்தது. கரும்பு டிராக்டர் ஒன்றைப் பேசி, டிரெய்லரில் ஒவ்வொரு படகாக ஏற்றிக்கொண்டு இரண்டு நாள் அலைந்தோம்.

டிராக்டர் ஓட்டியவர் என்னைத் தனியே அழைத்துச் சொன்னார்: “சார், இந்த மேடைய நம்பாதீங்க. கரும்பு வாங்குறவன் மேட. கொறைச்சுதான் காட்டும்.”

படகுகள் எல்லாம் சில கிலோ வித்தியாசத்துக்குள் இருந்தன. எனக்குத் திருப்தி. ஆனாலும் அன்று சிதம்பரம் பஸ்ஸில் உட்கார்ந்து, எடைப் பட்டியலின் ஓரத்தில் சிவப்பு மையில் ஒரு குறிப்பு எழுதினேன்: ‘மேடை குறைத்துக் காட்டுவதாகத் தெரிகிறது. இந்த எடையை நம்ப வேண்டாம், ஒப்பீட்டுக்கு மட்டும்.’ ஜாக்கிரதையாக இருக்கிறேன் என்ற பெருமையோடு எழுதிய வரி அது.

பதினோராம் படகுக்காரர் முதல் இரண்டு ஓட்டங்களிலும் கடைசி வரிசையில் வந்தவர். 2007 நடுவில் அவருக்குக் குடிகாடு பக்கம் ஒரு ரசாயனக் கம்பெனியில் வேலை கிடைத்தது. ஷிப்டு வேலை. படகைக் கரையில் கவிழ்த்துப் போட்டார். ஊரில் ‘கம்பெனி’ என்றே அவரைக் கூப்பிட ஆரம்பித்தார்கள். முதலில் கேலியாக, பிறகு பெயராக. வருடத்துக்கு ஒரு முறை, ஓட்டத்துக்கு இரண்டு நாள் முன்பு, படகை நிமிர்த்துவார். ஓட்டம் முடிந்ததும் திரும்பக் கவிழ்த்துவிடுவார்.

பச்சைப் படகுக்காரர் அவருடைய மனைவியின் அண்ணன். ஆகவே இது வெறும் ஊர்ச் சண்டையாகவும் இல்லை.

ஓட்டம் முடிந்த மறுவாரம் தலைவர் வீட்டு வாசலில் கூட்டம். அந்த ஊரில் கூட்டத்தில் பேசுகிறவர் படகு உள்ளவராக இருக்க வேண்டும்; படகு இல்லாதவர் கேட்டுக்கொண்டு நிற்கலாம். எந்தப் படகு ஊர்ப் படகு என்பதற்கு வேறு ஏடு கிடையாது. என் நோட்டில் உள்ள பதினொரு எண்கள்தான் கொஞ்ச காலமாக ஊர்க் கணக்கு. அன்று பச்சைப் படகுக்காரர் இரண்டு யோசனை வைத்தார். ஒன்று, பதினோராம் படகில் கள்ளம் இருந்தால் அதன் எண்ணை அடிக்க வேண்டும். இரண்டு, கள்ளம் இல்லை என்றாலும் சட்டத்தை மாற்ற வேண்டும். கடலுக்குப் போகிற படகு மட்டுமே ஓடலாம், அதற்கு மட்டுமே எண்.

கம்பெனிக்காரர் அதுவரை சிரித்துக்கொண்டிருந்தார். அப்போது சிரிப்பு நின்றது.

“எண்ண அடிச்சா நான் யாரு மச்சான்?” என்றார். “இதே தெருவுல குடியிருக்கேன். அடுத்த கூட்டத்துல வாயத் தொறந்தா நீதான மொதல்ல கேப்ப, உனுக்கு ஏது போட்டுன்னு?”

“கம்பெனிக்காரங்க கூட்டம் அங்க குடிகாட்டுல நடக்குது மாப்ள. அங்க போய்ப் பேசு.”

சிரித்தார்கள். தலைவர் என்னிடம் திரும்பி, முதலில் படகை அளந்து கள்ளம் உண்டா என்று சொல்லுங்கள், சட்டம் பிறகு என்றார். சித்திரையில் தீர்ப்பு.

அந்த மூன்று மாதமும் நான் ஒரு போலீஸ்காரனைப் போல நடந்துகொண்டேன் என்று இப்போது படித்துப் பார்த்தால் தெரிகிறது. நோட்டில் எல்லாம் இருக்கிறது. படகின் நீளம், அகலம், சுக்கானின் உயரம், எல்லாவற்றையும் டேப் வைத்து அளந்தேன். மில்லிமீட்டர் வித்தியாசம் இல்லை. அடிப்பாகத்தை உள்ளங்கையால் தடவினேன். வழவழப்பாக இருந்தது. கம்பெனியில் என்ன ரசாயனம் செய்கிறார்கள் என்று யோசித்தேன். சாப்பாட்டுக் கேரியரில் எதையாவது கொண்டுவந்து பூசுகிறாரா? ஒரு ரூபாய்க் காசால் அடிப்பாகம் முழுதும் தட்டிக் கேட்டேன். பதினோராம் படகு ‘டண் டண்’ என்றது. மற்றப் படகுகள் ‘தொப் தொப்’ என்றன. தேய்த்து மெல்லிசாக்கியிருக்கிறார் என்று எழுதிக்கொண்டேன்.

எடை போட இந்த முறை கரும்பு மேடைக்குப் போகவில்லை. அதைத்தான் நம்ப வேண்டாம் என்று நானே எழுதியிருக்கிறேனே. கடலூர் முதுநகரில் பழைய இரும்பு வாங்குகிற ஒருவரிடம் செயின் பிளாக்கும் கொக்கித் தராசும் வாடகைக்கு எடுத்துக் கரையிலேயே தொங்கவிட்டோம். மாசி மாதம் ஒரு ஞாயிறு முழுதும் ஆனது. பத்துப் படகுகளும் 2006 எடையைவிட நாற்பது கிலோ சுமாருக்குக் கூடுதலாகக் காட்டின. பதினோராம் படகு மட்டும் பழைய எடையையே காட்டியது.

எனக்கு அது கண்ணாடிபோல் தெளிவாக இருந்தது. கரும்பு மேடை நாற்பது கிலோ குறைத்துக் காட்டியிருக்கிறது. நல்ல தராசில் எல்லாப் படகும் நாற்பது ஏறுகிறது. ஏறாத படகில் நாற்பது கிலோ காணாமல் போயிருக்கிறது.

தலைவரிடம் மட்டும் சொன்னேன். மறுநாள் ஊருக்கே தெரிந்திருந்தது.

அலுவலகம் விட்டு நான் பிடிக்கும் சிதம்பரம் பஸ்ஸில் வாரத்தில் சில நாள் கம்பெனிக்காரரும் ஏறுவார். அவருக்கு இரவு ஷிப்டு இருக்கும் நாட்கள். குடிகாட்டில் இறங்குவார். இரண்டு ஆண்டாகப் பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டே போயிருக்கிறோம். கூட்டத்துக்குப் பிறகு ஊரில் ஒருவர் என்னிடம் கேட்டார், “பஸ்ல அவுரு கூடத்தான குந்திக்கிட்டுப் போறீங்க? டிக்கெட்டு யாரு எடுக்கிறாங்க?” அதன்பின் நான் பின்சீட்டுக்குப் போய்விட்டேன். கம்பெனிக்காரர் ஒரு நாள் எழுந்து அங்கேயே வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“சார், நீங்களும் அப்புடித்தான் நெனைக்கிறீங்களா?”

“நான் ஒண்ணும் நெனைக்கல. எடை சொல்லுது.”

“எட என்னா சொல்லுது?”

“நாப்பது கிலோ கொறையுது. எதையாவது தேச்சீங்களா? தப்பில்ல, சொல்லிட்டா முடிஞ்சுபோச்சு.”

அவர் சிரித்தார். “எட்டு மணி நேரம் மாஸ்க் போட்டுக்கிட்டு மூட்ட தூக்கிட்டு வரேன். வந்து போட்ட தேய்க்கிறதுக்கு எங்க சார் தெம்பு? வீட்டுல வந்து பாருங்க. உப்புத்தாள் ஒரு துண்டு இருந்தா எண்ண நானே அடிச்சிடுறேன்.”

குடிகாடு வந்தது. ரசாயன வாடை ஜன்னல் வழியாக உள்ளே வந்தது. அவர் இறங்கிப் போனார். இவ்வளவு தைரியமாகக் கூப்பிடுகிறார் என்றால் உப்புத்தாளை ஏற்கெனவே தூக்கிப் போட்டிருப்பார் என்று அன்று நோட்டில் எழுதியிருக்கிறேன். எழுத்து என்னுடையதுதான்.

கூட்டம் சித்திரை முதல் ஞாயிறு என்று முடிவானது. முந்தின சனிக்கிழமை மதியம் அவர் வீட்டுக்குப் போனேன். அவர் ஷிப்டில் இருந்தார். அந்த நேரம் பார்த்தே போனேன். அவர் மனைவி வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்தார்.

“வாங்க சார், தேடுங்க,” என்றார். “பீரோ சாவி குடுக்கட்டுமா?”

எனக்குக் கூச்சமாக இருந்தது. தண்ணீர் கேட்டேன். அவர் திண்டின்மேல் இருந்த வெள்ளைக் கேனின் மூடியைத் திருகி எடுத்து, கேனைச் சாய்த்துச் சொம்பில் ஊற்றினார். மூடியைக் கீழே வைத்தார். தடித்த சாம்பல் நிற மூடி. நடுவில் காசு வைத்துத் திருக ஒரு பள்ளம். கேனுக்கு அப்படி மூடி வராது.

அது படகின் மூடி. எங்கள் படகுகளில் முன்பக்கமும் பின்பக்கமும் அடைத்த அறை உண்டு. படகு கவிழ்ந்தாலும் முழுகாமல் இருக்க அந்த அறைகளில் மஞ்சள் நுரைக்கட்டியை அடைத்திருப்பார்கள். அறைக்கு உள்ளங்கை அளவு துளையும் அதற்கு இந்த மூடியும். மூடி வீட்டில் இருக்கிறது என்றால் அறை திறந்திருக்கிறது. அறை திறந்திருக்கிறது என்றால் உள்ளே இருந்ததைத் தோண்டி எடுத்துவிட்டார்கள். நாற்பது கிலோ எங்கே போனது என்று தெரிந்துவிட்டது.

“இந்த மூடி எப்ப கழட்டினது?” என்றேன். தண்ணீரைக் குடிக்கவில்லை.

“இதுவா? ரெண்டு வருசம் இருக்கும். அவுரு கம்பெனில சேந்த புதுசுல. கேன் மூடி தொலைஞ்சு போச்சு, பூச்சி வுளுது. போட்டு சும்மாத்தான கெடக்குதுன்னு களட்டிட்டு வந்தேன். ஒன்னு இதுக்கு, ஒன்னு மண்ணெண்ண கேனுக்கு. ஓட்டத்தன்னிக்கும் நீங்க எட போட்ட அன்னிக்கும் மட்டும் களட்டிக் குடுத்தேன். அன்னிக்குக் கேனுக்குத் துணி கட்டிக்குவேன்.” என் முகத்தைப் பார்த்துவிட்டு, “ஏன் சார், மூடி போட்டாத்தான் சட்டமா?” என்றார்.

வாங்க, காட்டுங்க என்றேன். கரையில் படகு கவிழ்ந்து கிடந்தது. இரண்டு பேரைக் கூப்பிட்டு ஒரு பக்கம் தூக்கி முட்டுக் கொடுத்தோம். நான் படுத்துக்கொண்டு துளைக்குள் கையை விட்டேன். காலியாக இருக்கும் என்று எதிர்பார்த்த கை நுரைக்கட்டியில் முட்டியது. முழுதாக இருந்தது. நகத்தால் கீறினால் ரஸ்க்போல் பொடியாக உதிர்ந்தது. இரண்டு கோடை, துளை கீழே பார்த்தபடி, கவிழ்த்த படகுக்குள் வெயில் ஏறி ஏறி, உள்ளே ஈரம் என்று ஒன்று மிச்சமில்லை.

அங்கேயே படுத்துக் கிடந்தேன். எதுவும் எடுக்கப்படவில்லை. அப்படியானால் இந்தப் படகு குறையவில்லை. இது குறையவில்லை என்றால் மற்றப் பத்தும் கூடியிருக்கின்றன. பத்தும் நாற்பது கிலோ கூடியிருந்தால் கரும்பு மேடை சரியாகத்தான் காட்டியது. டிராக்டர்காரர் போகிற போக்கில் சொன்ன ஒரு வார்த்தையை நம்பி, மேடையைச் சந்தேகப்பட்டேன். மேடையைச் சந்தேகப்பட்டதால் மனிதனைச் சந்தேகப்பட்டேன். ‘டண் டண்’ என்ற சத்தம் மெல்லிய ஓட்டின் சத்தமில்லை, காய்ந்த படகின் சத்தம்.

திங்கள்வரை பொறுத்துக் கரும்பு மேடையில் திரும்ப எடை போட்டுப் பார்க்கலாம் என்றுதான் முதலில் தோன்றியது. ஆனால் கூட்டம் மறுநாளே. வீட்டுக்குப் போய் நோட்டில் சிவப்புக் குறிப்பின்மேல் ஒரு கோடு போட்டேன். தேதியும் போட்டேன்.

ஞாயிறு காலை கூட்டம் தலைவர் வீட்டில் இல்லை. கரையில் வைக்கச் சொன்னேன். பச்சைப் படகின் அறை மூடியைத் திறக்கலாமா என்று கேட்டேன்.

“என் போட்ட ஏன் தொறக்கணும்?” என்றார் அதன் சொந்தக்காரர். “ஜெயிச்சது அவன் போட்டு.”

“தொறண்ணே,” என்றார் அவர் தங்கை, பெண்கள் நின்ற இடத்திலிருந்து. “உள்ள மீனு வளக்கிறியா?”

“நீ சும்மா இரு. அங்க வாக்கப்பட்டதுலேருந்து ரொம்பப் பேசுற.”

“போட்டு இருக்கிற வூட்டுக்குத்தான வாக்கப்பட்டேன்? நீதான தேடிக் கட்டி வச்ச?”

தலைவர் ஒரு காசை எடுத்து அவரே குனிந்து திருகினார். மூடி இறுகிப்போயிருந்தது, சுத்தியலால் தட்டித்தான் கழன்றது. முதலில் ஒன்றும் வரவில்லை. பச்சைப் படகுக்காரர் என்னைப் பார்த்து வாயைத் திறந்தார். படகின் முன்பக்கத்தை நான்கு பேர் தூக்கியதும் துளையிலிருந்து பழுப்புத் தண்ணீர் நூலாக இறங்கியது. பிறகு விரல் தடிமனுக்கு. நின்றபாடில்லை. நாறியது. உள்ளே கையை விட்டு ஒரு கட்டியைப் பிய்த்து எடுத்துப் பிழிந்தேன். ஊறின இட்லித் துணிபோல் சொட்டியது. அடுத்த படகையும் திறந்தார்கள். அதற்கடுத்ததையும். தினமும் அலையில் அடிபட்டு, கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் வழியாக நான்கு ஆண்டுகளாகக் கடல் உள்ளே ஏறிக்கொண்டிருந்தது.

நான் எழுந்து நின்று, எடைப் பட்டியலையும் அதன் ஓரத்தில் நான் எழுதியதையும் அடித்ததையும் படித்துக் காட்டினேன். கள்ளம் இல்லை, தப்பு என்னுடையது என்றேன்.

பச்சைப் படகுக்காரர் கேட்டார்: “அப்ப மூணு மாசமா இவன திருடன்னு சொன்னது நாங்களா, நீங்களா?”

நோட்டை மூடினேன். இரண்டு பேரும் என்பதுதான் பதில். ஆனால் அவரிடம் நோட்டு இல்லை.

அதோடு முடிந்துவிடும் என்று நினைத்தேன். முடியவில்லை. சட்டத்தை மாற்றும் யோசனை அப்படியே இருந்தது. கடலுக்குப் போகிற படகு மட்டும் என்ற விதியைப் பச்சைப் படகுக்காரர் விடவில்லை. அவர் சொன்னதில் ஞாயம் இருந்ததுதான் எனக்குச் சங்கடம். “போட்டுன்னா வேல செய்யிற சாமான். வேல செஞ்சா தண்ணி ஏறும். தண்ணி ஏறாத போட்டு எப்புடி ஒரே மாதிரி போட்டு? அவுன் கரையில காயவச்சு ஓட்டுவான், நாங்க நாப்பது கிலோ கடலச் சொமந்துகிட்டு ஓட்டணுமா?”

நான் பத்திரிகைகளில் படித்ததை எல்லாம் சொன்னேன். 2006 எடைதான் அசல் எடை. பதினோராம் படகு ஒன்றுதான் இன்று சட்டப்படி இருக்கிற படகு. மற்றப் பத்தும்தான் சட்டத்தை விட்டு விலகியிருக்கின்றன. ஆகவே எதையும் மாற்ற வேண்டியதில்லை; மற்றவர்கள் உலர்த்திக்கொள்ள வேண்டும். சொல்லும்போதே அது எடுபடாது என்று தெரிந்தது. பத்துக் குடும்பம் இரண்டு கோடை படகைக் கவிழ்த்துப் போட்டால் சாப்பிடுவது எப்படி?

“சட்டம் உங்க நோட்டுல இருக்குது சார்,” என்றார் பச்சைப் படகுக்காரர். “தண்ணி எங்க போட்டுல இருக்குது.”

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. தலைவர் கை தூக்கச் சொல்லப் போனார். ஏழு எட்டுக் கை உயரும் என்று எனக்குத் தெரிந்தது. அப்போது கம்பெனிக்காரர் பேசினார். எண் இன்னும் அடிபடவில்லை, பேசலாம்.

“தலைவரே, நான் நாப்பது கிலோ மண்ணு மூட்ட ஏத்திக்கிறேன். எல்லார் போட்டுலயும் என்னா இருக்குதோ அது என் போட்டுலயும் இருக்கும். அப்ப ஓடலாமில்ல?”

நான் தடுத்தேன். உங்களிடம் குற்றம் இல்லை, நீங்கள் ஏன் சுமக்க வேண்டும், அசல் படகு உங்களுடையதுதான் என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வை, பஸ்ஸில் நான் பின்சீட்டுக்குப் போன நாளில் பார்த்த பார்வைதான்.

“எனக்கு அசல் போட்டு வேணாம் சார். ஊர்ப் போட்டு இருந்தா போதும்.”

பச்சைப் படகுக்காரர் யோசித்தார். “தோத்துடுவடா,” என்றார்.

“தோத்தா தோக்கிறேன் மச்சான். தோக்கிறதுக்கும் எண்ணு வேணுமில்ல?”

மூட்டை யோசனைக்கு ஒன்பது கை உயர்ந்தன. விதியை அங்கேயே எழுதினேன்: ஓட்டத்துக்கு முந்தின நாள் எல்லாப் படகையும் எடை போட வேண்டும், மிகக் கனமான படகின் அளவுக்கு மற்றவை மூட்டை ஏற்ற வேண்டும். கடலுக்குப் போவது போகாதது பற்றி எதுவும் இல்லை. நான் படித்த எந்தச் சங்கமும் இப்படி ஒரு விதியை ஏற்றிருக்காது. அவர்கள் கனத்த படகைத்தான் குறை என்பார்கள். இன்றுவரை அந்த விதி சரி என்று என்னால் முழுமனதாகச் சொல்ல முடியவில்லை. அதற்கடுத்த வாரம், யாரும் கேட்காமலே, பதினோராம் படகை டிரெய்லரில் ஏற்றி நெல்லிக்குப்பம் மேடையிலும், அதே நாள் கொக்கித் தராசிலும் எடை போட்டேன். இரண்டும் ஒன்றையே காட்டின. வாடகை என் கையிலிருந்து.

2010 ஜனவரி 15 வெள்ளி, அமாவாசை, மதியம் சூரிய கிரகணம். எடை போடும் நாள் அது. கிரகணம் விடும்வரை யாரும் கரைக்கு வரவில்லை. பிறகு அவசர அவசரமாகத் தொங்கவிட்டோம். கம்பெனிக்காரர் மூட்டைகளை ஏற்றியபோது பச்சைப் படகுக்காரர் ஒரு மூட்டையைப் பிரித்து மண்ணைக் கையில் எடுத்துப் பார்த்தார். “ஈர மண்ணு. ராத்திரி காஞ்சா எட கொறையும்,” என்றார். எல்லாவற்றையும் இறக்கி, காய்ந்த மண்ணாக மாற்றி, திரும்ப எடை போட்டு, மூட்டையின் வாயை என் அலுவலக அரக்கால் முத்திரை வைத்தோம். சரியான சந்தேகம்தான். எனக்கே தோன்றியிருக்க வேண்டும்.

மறுநாள் வாடைக்காற்று நன்றாக இருந்தது. அமாவாசை ஏற்றத்தில் முகத்துவாரத்தில் தண்ணீர் வேகமாக உள்ளே வந்தது. பதினோராம் படகு திரும்பும் கம்பம்வரை இரண்டாவதாக இருந்தது. திரும்பியபின் நான்கு பேரில் ஒருவர் பாய்க் கயிற்றைக் கைநழுவ விட்டார். கம்பெனியில் கூட வேலை செய்கிறவர், குடிகாட்டு ஆள், தண்ணீர்ப் பழக்கம் இல்லை. ஆறாவதாக வந்தார்கள். பச்சைப் படகு முதல்.

கைதட்டலும் விசிலுமாக இருந்தது. படகுகளைக் கரையேற்றும் நேரம். பச்சைப் படகு கனம்; மூன்று பேர் தள்ளியும் மணலில் ஏறவில்லை. அதன் சொந்தக்காரர் நிமிர்ந்து சுற்றிலும் பார்த்தார். பக்கத்தில் அவருடைய சொந்தச் சித்தப்பா மகன்கள் நின்றிருந்தார்கள். அவர் கூப்பிட்டது அவர்களை அல்ல.

“யோவ் கம்பெனி, மண்ணு மூட்டையத்தான் தூக்குவியா? வந்து தோள் குடு.”

கம்பெனிக்காரர் தன் படகை அப்படியே விட்டுவிட்டு ஓடினார். முன்பக்கத்தில் தோளைக் கொடுத்து, மற்றவர்கள் சொல்வதற்கு முன்பே ‘ஏலேலோ’ என்று அவரே குரல் கொடுத்தார். படகு ஏறியது. பிறகு அதே ஆட்கள் சேர்ந்து பதினோராம் படகையும் இழுத்தார்கள், மூட்டைகளை இறக்காமலே.

அன்பினால் கூப்பிட்டாரா, அல்லது ஓட்டத்தன்று கரையேற்ற வராத படகுக்காரர் ஊர்ப் படகுக்காரர் இல்லை என்று நாளைக்குச் சொல்லலாம் என்று சோதித்தாரா என்று எனக்கு அப்போது சந்தேகம் வந்தது. கம்பெனிக்காரரிடம் பஸ்ஸில் கேட்டேன். நான் முன்சீட்டில் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

“கூப்புட்டான், போனேன்,” என்றார். “அதுல என்னா சார் கெடக்குது?”

குடிகாடு வந்ததும் இறங்கிவிட்டார்.